எட்டு வாரச் சந்தேகம்

போன மாதம் இரண்டு பேர் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண், ஒரு பையன். இணையத்தில் போடுவதற்குத் துப்பறியும் நாடகம் எழுதுகிறார்களாம். அந்தப் பெண் நேராகவே விஷயத்துக்கு வந்தாள். "அங்கிள், வாரா வாரம் ஒரு கேஸ், அன்னிக்கே முடிஞ்சிடும், அப்படி எழுதலாமா? இல்ல, ஒரே கொலையைக் கடைசி எபிசோட் வரைக்கும் இழுத்துட்டுப் போலாமா? எது ஓகே லா?"

"அன்னிக்கே முடிச்சிடுங்கம்மா," என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்குக் காலம் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். இப்போதெல்லாம் இழுத்தால்தான் ஜனம் பார்க்கும் என்று அந்தப் பையன் மரியாதையாக எடுத்துச் சொன்னான். எனக்குத் தெரியாதா? இழுத்தால் பார்ப்பார்கள், நன்றாகவே பார்ப்பார்கள். எனக்கு அதுதான் பயம். என்ன பயம் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ரவாங்கில் வளர்ந்தவன். அப்பா அம்மா இருவரும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவிக்கொண்டிருந்தவனை ஒரு கூட்டாளி கோலாலம்பூருக்கு இழுத்துப் போனான். அங்கே ஒரு சின்ன நாடகக் கம்பெனி. தொலைக்காட்சிக்குத் தமிழ் நாடகம் எடுத்துக் கொடுப்பார்கள். வயர் சுருட்டினேன், விளக்குத் தூக்கினேன், எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தேன். அப்புறம்தான் கன்டினியூட்டி வேலை கிடைத்தது. காலையில் எடுத்த காட்சியில் சட்டைக் கையை மடித்திருந்தால் மாலையில் எடுப்பதிலும் மடித்திருக்க வேண்டும்; நெற்றியில் திருநீறு எவ்வளவோ அவ்வளவே இருக்க வேண்டும். உடனே படம் வருகிற கேமரா ஒன்று என் கழுத்தில் தொங்கும். ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை படம் பிடித்து, அவர்கள் போட்டிருந்த துணியைப் பையில் போட்டு முடிந்து வைப்பேன். நிம்மதியாகச் சாப்பிட்டது கிடையாது. எங்கேயாவது ஒரு பொத்தான் மாறியிருக்குமோ என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் இயக்குநர் பரமு அண்ணன். ஒல்லியான மனுஷன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் யார்மேல் கோபமோ அந்த ஆளைப் பார்த்துப் பேச மாட்டார். கேமராமேன் ஜேம்ஸைக் கூப்பிடுவார். "ஜேம்ஸ், அந்தத் தனபாலுகிட்ட சொல்லு, இது நேத்து போட்ட செருப்பு இல்லன்னு." தனபாலு நான்தான், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். ஜேம்ஸும் முகத்தை மாற்றாமல் திரும்பி அதை அப்படியே எனக்குச் சொல்வார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் "சரி" என்று சொன்னாலும் நம்ப முடியாது. ஆமாம், இல்லை, வாயை மூடு எல்லாமே அவருக்கு "சரி"தான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் வாரம் ஒரு துப்பறியும் கதை எடுத்தோம். கோலா சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகிற பாதையில் உள்ளே திரும்பினால் ஒரு தோட்டம் வரும். பெயர் வேண்டாம். அங்கேதான் எடுப்போம். இன்ஸ்பெக்டராக வருகிறவர் மட்டும் கோலாலம்பூர் மேடை நடிகர், மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குக் கதையில் வேறு பெயர் வைத்தோம், சரிப்படவில்லை. "ராஜரத்தினம்!" என்று இன்ஸ்பெக்டர் கூப்பிடுவார். ராஜரத்தினம் மரம் மாதிரி நிற்பார். "யோவ், உன்னத்தான்யா!" என்று பின்னால் யாராவது கத்துவார்கள். "எம்பேரு அது இல்லியே," என்பார் அவர், கேமரா ஓடும்போதே. டேப் வீணாய்ப் போகும். பரமு அண்ணன் பார்த்தார். அவரவர் பெயரையே கதையிலும் வைத்துவிட்டார். அவரவர் வீடே வீடு, அவரவர் சட்டையே சட்டை.

வாரம் ஒரு கதை ஓடியவரை இதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தோட்ட மண்டபத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். ஆடு காணாமல் போயிருக்கும், இல்லை சங்கிலி. கொஞ்ச நேரம் ஆளாளுக்கு ஒருவர்மேல் சந்தேகப்படுவார்கள். டிவியை அணைப்பதற்குள் இன்ஸ்பெக்டர் ஆளைப் பிடித்துவிடுவார். ஆடு திருடியவர் பாயிலிருந்து எழுந்து கும்பிடு போடுவார், மண்டபமே விசில் அடிக்கும். அடுத்த வாரம் வேறொருவர் திருடன். போன வாரத்துத் திருடனை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம்தான் பரமு அண்ணனுக்கு அந்த ஆசை வந்தது. ஒரே கொலை, எட்டு வாரம்.

கதையில் கொலையாகிறவர் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் கணக்கர். அவராக நடித்தவர் கோலா சிலாங்கூரில் தையல்கடை வைத்திருந்தார். கொடுத்து வைத்த மனுஷன். முதல் மூன்று வாரம் பழைய ஞாபகமாக வந்துபோய்விட்டு ஒதுங்கிக்கொண்டார். கிராணியோடு சண்டை போட்டவராக வந்தவர்தான் கண்ணுசாமி மண்டோர். நிஜத்திலும் அவர் மண்டோர்தான், ஆட்களை வேலை வாங்குகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஆள், பெரிய மீசை, அவர் சிரித்தால் செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். முதல் வாரம் முடியும்போது கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே போய் நின்றது. அவர் மெல்ல அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அத்தோடு அந்த வார நாடகம் நின்றது. "ஐயய்யோ, மண்டோரே!" என்று மண்டபத்தில் ஒரே சிரிப்பு.

இரண்டாவது வாரம் கேலி. காலையில் பெரட்டு எடுக்க, அதாவது ஆட்களின் பேர் கூப்பிட, அவர் வந்து நின்றால், "இன்னிக்கி யாரைத் தீர்க்கப் போறீங்க மண்டோரே?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் சிரிப்பார். மூன்றாவது வாரம் கேலி குறைந்தது. அவர் வீட்டுக்கு மாவு கடன் வாங்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது.

யாரும் அவர் நிஜமாகக் கொலை செய்தார் என்று நம்பவில்லை. கேட்டால், "சேச்சே, நாடகம்தானே," என்பார்கள். ஆனால் அதே பெயர், அதே மீசை, அதே லயத்து வரிசை வீட்டின் வாசல். சந்தேகத்தை வாரக் கடைசியில் முடித்துக் கொடுக்காமல் "அடுத்த வாரம்" என்று வீட்டுக்கு அனுப்பினால், அவர்கள் அதை எங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள்?

ஐந்தாவது வாரப் படப்பிடிப்புக்குப் போய் இறங்கினேன். எதிரே வந்தவரை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. மண்டோர் மீசையைச் சிரைத்துவிட்டார்.

"என்னா மண்டோரே இது! நாலு வாரமா மீசையோட காட்டியிருக்கோமே!"

"மார்க்கெட்டுல மீன்காரன்கூட கொலைகார மண்டோர்னு கூப்பிடறான் தம்பி. மீசை இல்லன்னா அடையாளம் தெரியாதுன்னு பார்த்தேன்."

ஜேம்ஸ் மூலமாக எனக்கு வந்தது பூசை. ஒட்டு மீசையைப் பசை தடவி ஒட்டினேன்; வேர்வையில் ஒரு பக்கம் கழன்றுகொண்டே இருந்தது, ஒவ்வொரு காட்சிக்கும் விரலால் அழுத்திப் பிடித்தேன். அதைவிட மோசம் லயத்தில் நடந்தது. தப்பு செய்யாதவன் எதற்கு மீசையை எடுக்கணும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கதைக்குள்ளே நடந்தது எது, வெளியே நடந்தது எது என்று அப்போதே கலந்துபோயிருந்தது.

அவருக்கு ஒரே மகள், விமலா. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற பையனுக்குப் பேசி முடித்து, பரிசம் போட நாளும் குறித்திருந்தார்கள். அந்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா சரசம்மா ஆள் அனுப்பினார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "கதை முடியட்டுமே, அப்புறம் பரிசம் வச்சிக்கலாம்," அவ்வளவுதான். ரவாங்கில் அவர் இருந்த வரிசையில் எல்லார் வீட்டிலும் அந்த நாடகம் ஓடியது. கொலைகார மண்டோர் வீட்டில் பெண் எடுக்கிறீங்களா என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டால் அந்த அம்மாதான் என்ன செய்வார்? ஆனால் தள்ளிப்போட்ட பரிசம் எத்தனை நின்றே போயிருக்கிறது! அது மண்டோருக்கும் தெரியும்.

மண்டோர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினார். ஒட்டு மீசை இன்னும் முகத்தில் இருந்தது.

"தம்பி, உன்னைப் புள்ள மாதிரி நெனச்சிக் கேக்கறேன். நான் கொன்னேனா இல்லியா? சொல்லிடு."

"தெரியல மண்டோரே."

"என்னா தெரியலங்கிற? நீங்கதானே எடுக்கறீங்க!"

சத்தியமாக எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பரமு அண்ணன் ஒளிபரப்புக்கு ஒரு வாரம் முன்னால்தான் எழுதுவார், எடுப்பார். கடைசி வாரத்தை இன்னும் எழுதவே இல்லை.

மறுநாள் கோலா சிலாங்கூர் கோப்பிக் கடையில் பசியாறும்போது விஷயத்தை எடுத்தேன். பரமு அண்ணன் தேயைச் சாசரில் ஊற்றி ஆற விட்டுக்கொண்டிருந்தார்.

"ஜேம்ஸ், மண்டோர் முகத்தைப் பார்த்தியா? இந்த ரெண்டு வாரமா கண்ணுல ஒரு பயம் இருக்கு. எந்த நடிகனாலயும் அதைக் குடுக்க முடியாது. அவரேதான் கொலைகாரன். முடிவு பண்ணிட்டேன்."

"அது நடிப்பு இல்லண்ணே," என்றேன். "அவரு பொண்ணு கல்யாணம் நிக்குது." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சாசரைக் கீழே வைத்தார். "ஜேம்ஸ், தனபாலுகிட்ட கேளு. இவரு இல்லன்னா வேற யாரு? கடைசி வாரத்துல புதுசா ஒருத்தனக் கொண்டாந்து இவன்தான்னு காட்டினா, எட்டு வாரம் காத்திருந்தவன் டிவியை ஒடச்சிடுவான். மொதல் வாரத்துலேர்ந்து கண்ணுல பட்ட ஆளா இருக்கணும்."

மூன்று நாள் அலைந்தேன். தோட்டத்துச் சாமான் கடைக்காரர் கதையில் கிராணியிடம் ஏச்சு வாங்குகிறவர். "கொலைகாரன் கடையில யாரு லா சீனி வாங்குவா?" என்று என்னை வெளியே அனுப்பினார். லோரி ஓட்டுநர் கதையில் கிராணியின் தம்பி. "போன வாரமே ரோட்டுல போலீஸ்காரன் என்னை நிறுத்தி, எங்க உங்க அண்ணன்னு கேட்டு சிரிச்சான். ஆளை விடு," என்றார். கதையில் கிராணி வீட்டில் சமைக்கிற முனியம்மா அக்காவிடம் வாயைத் திறப்பதற்குள் விளக்குமாற்றை எடுத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மண்டோர் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள். தெரிந்தே யார் அந்தப் பழியை வாங்கித் தலையில் வைத்துக்கொள்வார்கள்?

அன்று மாலை துணிப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்புக் குடை கையில் தட்டுப்பட்டது. முதல் வாரத்தில் ஆள் பற்றாமல் போக, கிராணி வெயிலில் நடக்கும்போது குடை பிடிக்கிற ஆபீஸ் ஆளாக என்னையே நிறுத்தியிருந்தார்கள். அடுத்த இரண்டு வாரமும் நின்றேன். ஒரு காட்சியில் கிராணி, "தனபாலு, குடையை நேரா புடி," என்றுகூடச் சொல்வார். நாடகம் பார்த்த ஒருவராவது அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

குடையோடு போய்ப் பரமு அண்ணன் முன்னால் நின்றேன். "அண்ணே, நான் இருக்கேன்."

அவர் ஜேம்ஸைத் தேடவில்லை. என் முகத்தையே பார்த்தார். அத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலயே தம்பி."

"அத அப்புறம் பார்த்துக்கலாம்ணே."

"சரி," என்றார். எந்தச் சரி அது? எனக்குப் புரியவில்லை.

புரியாததற்குக் காரணமும் இருந்தது. அவர் இரண்டு முடிவையும் எடுத்தார். தோட்டத்தில், எல்லார் முன்னாலும், மண்டோர் கையில் விலங்கு மாட்டுகிற காட்சி. பிறகு யாருக்கும் சொல்லாமல் சுங்கை செம்பிலாங் படகுத்துறைக்கு என்னைக் கூட்டிப்போய், இன்ஸ்பெக்டர் என் சட்டையைப் பிடிக்கிற காட்சி. வெட்டி ஒட்டும்போது முடிவு செய்துகொள்வாராம். மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மண்டோர் தன் கையில் விலங்கு மாட்டியதை மட்டும்தான் பார்த்தார். அன்று அவர் தனியாக வீட்டுக்கு நடந்து போனார். பின்னாலிருந்து பார்க்கும்போது யாரோ கிழவர் போகிற மாதிரி இருந்தது.

கடைசி வாரம் வந்தது. சரசம்மா ரவாங்கிலிருந்து தானே கிளம்பி வந்துவிட்டார், மகனையும் கூட்டிக்கொண்டு. "கதை முடியுதுல்ல, இங்கயே உக்காந்து பார்த்துட்டுப் போயிடறோம்," என்றார். மண்டோரின் மனைவி பாக்கியம் அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயில் போட்டதைத் திருப்ப மறந்து, ஒரு ஈடு கருகியது. அவர் என்னை வெளியே இழுத்து, "தம்பி, ஒரு வார்த்தை சொல்லு. இவங்கள ஏதாவது சாக்கு சொல்லி முன்னாடியே அனுப்பிடட்டுமா?" என்றார்.

சத்தியம் செய்திருந்தேன். செய்யாவிட்டாலும் எனக்கு என்ன தெரியும்? எந்த முடிவு உள்ள டேப் டிவி நிலையத்துக்குப் போயிருக்கிறது என்று எனக்கே தெரியாதே! "இருக்கட்டும்கா," என்றேன்.

மண்டபத்தில் மரப்பெட்டியின் பூட்டைத் திறந்து டிவியைப் போட்டார்கள். சரசம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. மண்டோர் சுவர் ஓரமாக நின்றார், உட்காரவில்லை. நான் கடைசிப் பாயில். திரையில் இன்ஸ்பெக்டர் வரிசையாக நிற்கிற தோட்டத்து ஆட்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைக்காரரைத் தாண்டினார். லோரிக்காரரைத் தாண்டினார். மண்டோர் முன்னால் வந்து நின்றார். இந்த இடம் வரை இரண்டு முடிவுக்கும் ஒரே காட்சி. அடுத்து இன்ஸ்பெக்டர் கை இடுப்புக்குப் போனால் விலங்கு, போகாவிட்டால் படகுத்துறை.

கை போகவில்லை. படகுத்துறையில் எடுத்த இன்ஸ்பெக்டர் முகம் மட்டும் திரை நிறைய வந்தது. "மண்டோரே," என்றார் இன்ஸ்பெக்டர். "அன்னிக்கி கிராணிக்குக் குடை புடிச்சது யாரு?"

அடுத்த நொடி சுங்கை செம்பிலாங் கடல் தெரிந்தது, பலகையில் என் முகம் அழுந்திக் கிடந்தது. பரமு அண்ணன் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னேன். "ஏழு வருஷமா அவருக்குக் குடை புடிச்சேன் சார். மழையில நனைஞ்சிக்கிட்டே புடிச்சேன். ஒரு நாளாவது உள்ள வாடான்னு சொல்லல."

மண்டபத்தில் யாரும் கை தட்டவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் ஒன்றாகப் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தன. சரசம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அடப்பாவி! நீயா? குடையைப் புடிச்சிக்கிட்டு ஒண்ணும் தெரியாதவனாட்டம் நின்னியேடா!" என்று கத்திவிட்டு, மண்டோர் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, மன்னிச்சிக்குங்க." மண்டோர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதற்குள் பாயை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போயிருந்தார்.

மறுவாரம் பரமு அண்ணன், "ஜேம்ஸ், தனபாலுகிட்ட சொல்லு, அவனுக்கு நடிப்பு வராது, கேமரா முன்னாடி இனிமே நிக்க வேணாம்னு," என்றார். நான் நிற்கவும் இல்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில், உள்ளே யாரோ, "குடைக்காரன்டி!" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கடைசியில் டிவி இல்லாத ஒரு வீடாகத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டேன். அதற்குச் சில வருஷம் ஆனது.

விமலா கல்யாணம் அதே மண்டபத்தில்தான் நடந்தது. மண்டோர் பழையபடி மீசை வளர்த்திருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில், சரசம்மாவுக்கு எதிரே உட்கார வைத்து, "இவரு இல்லன்னா இந்தக் கல்யாணமே இல்ல," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சரசம்மா தலையை ஆட்டினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பாக்கியம் அக்கா ரசம் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். நான் செய்தது என்ன என்று அந்தத் தோட்டத்தில் முழுக்கத் தெரிந்தவர் அவர். பரமு அண்ணனிடம் நான் கெஞ்சியது வரைக்கும் ஜேம்ஸ் அவரிடம் சொல்லியிருந்தார். "நல்லா இருக்கணும் தம்பி," என்று என் இலைக்குக் குனிந்தார். கரண்டி ஆடியது. ரசம் சோற்றில் விழாமல் இலையில் ஓடியது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தப்பா எடுத்துக்காத தம்பி. எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். இருந்தாலும்..."

"பரவால்லக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்று இலையைக் கையால் அணைத்துக்கொண்டேன்.

ஊற்றினார். கரண்டி வாளி விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது.